நைனா கட்டிய ஷெட்டின் அளவு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது எங்கள் டிராக்டர் ஷெட்டைப் பார்த்து, "ஒரு வண்டிக்கு இவ்ளோ பெருசு இன்னாத்துக்கு?" என்று கேட்டவர்கள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் நைனா ஒரு சிரிப்புச் சிரித்து, "மோர் சாப்புடுறியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அவர் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அந்தக் கேள்விக்கு நானாவது பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீங்கள் விடவும் மாட்டீர்கள்.

நைனா செஞ்சியை அடுத்த தொண்டூரில், மழையை நம்பி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்ததால் படிப்பு பாதியில் நின்றது. மேல்சித்தாமூரில் ஒரு வீட்டில் டிராக்டர் ஓட்டச் சேர்ந்தார். தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் பல வருடம் கழித்துத்தான் சொந்தமாக வண்டி வாங்கினார். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவார். "கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த மனுஷன் மூஞ்சில அவ்ளோ சிரிப்பு இல்ல" என்பார்.

மழை விட்ட மறுநாள் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏர் ஓட்ட வேண்டும். ஈரம் காய்ந்தால் போச்சு. நைனாவிடம் முதலில் கேட்டவருக்கு முதல் உழவு. அவர் கூடப் பிறந்த தம்பி, எங்கள் சித்தப்பாவே வந்து நின்றாலும் வரிசையில்தான் வரவேண்டும். இதனால் சித்தப்பா ஒரு வருடம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதைப் படித்து இப்போதாவது அவர் சிரிக்க வேண்டும்.

இனி ஷெட்டுக்கு வருகிறேன். நைனா முதலில் கட்டிய ஷெட்டைப் பலர் மறந்திருப்பீர்கள். அதற்கு அவர் மனையடி பார்த்தார். அகலம் பன்னிரண்டு அடி ஆகாது, பதினொன்று நல்லது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை அளந்து பார்த்தார், தாராளமாக நுழையும். அதற்குத் தக்கபடி ஷட்டரும் வைத்துவிட்டார். நடவுக் காலம் வந்தது. சேற்று உழவுக்கு டயரின் வெளிப்பக்கம் இரும்பில் கேஜ் வீல் மாட்டுவார்கள் அல்லவா? அதை மாட்டிக்கொண்டு திரும்பிய வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் இடித்தது. தினமும் மழையில் நனைந்தபடி அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை உள்ளே விட வேண்டும், விடிந்ததும் மறுபடி மாட்ட வேண்டும். அம்மா கேலி செய்தே கொன்றார். "ஆட்டோ வாங்கியிருந்தா அம்சமா நின்னிருக்கும்" என்பார். நைனா ரோஷப்படாமல் ஒப்புக்கொண்டார்: "வண்டிய அளந்தேன், வேலைய அளக்கல."

நான் இளையவள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னை ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். கையில் கிரீஸ் படாத மெக்கானிக் நான் ஒருத்திதான். நம் பக்கத்தில் ஒரு வண்டி ரிப்பேரானால் திண்டிவனத்துக்குத்தான் போக வேண்டும், அது திரும்பி வருவதற்குள் நிலத்தில் ஈரம் போய்விடும். ஊரிலேயே பட்டறை போடலாம் என்று எனக்குத் தோன்றியது. நைனாவிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார்.

நைனாவின் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது 'ஆமாம்' என்பதும் இல்லை, 'இல்லை' என்பதும் இல்லை. பெண்பிள்ளை பட்டறையில் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் வேலை பார்ப்பதை அவர் மனம் ஏற்கிறதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தச் 'சரி'க்காக நான் காத்துக்கிடந்தேன்.

அப்போதுதான் பழைய ஷெட்டை இடித்துவிட்டுக் களத்து மேட்டில் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. இந்த முறை நைனா மனையடியும் பார்க்கவில்லை, டேப்பும் எடுக்கவில்லை. மல்லாட்டை காயப்போடுகிற களத்தில் வண்டியைக் கேஜ் வீலோடு கொண்டுவந்து நிறுத்தினார். கலப்பை, ரொட்டவேட்டர், டிரெய்லர் எல்லாவற்றையும் உள்ளே எப்படி நிற்க வேண்டுமோ அப்படி வைத்தார். பானெட்டைத் திறந்து வைத்தார். ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, "இன்னா, கண்காட்சியா? டிக்கெட் எங்க?" என்று கேட்டார்கள்.

எனக்கும் அவருக்கும் அங்கேயே சண்டை. "நைனா, இன்ஜின தூக்கணும்னா மேல செயின் பிளாக் மாட்டணும். கூரை இந்த உயரம் பத்தாது" என்றேன். "காத்து தூக்கிடும்மா" என்றார். "கம்பிய ஆழமா நடு" என்றேன். முறைத்தார். மறுநாள் கொத்தனாரிடம் கூரையை உயர்த்தச் சொன்னதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இன்னொரு நாள் வந்து பார்த்தால் கோடு ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தது. நம் வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கும் அளவுக்கு வெற்றிடம்.

அண்ணன் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோட்டைச் சுற்றி நடந்து பார்த்தான். "நைனா, டாக்டர் உன்ன வண்டியே ஓட்டாதன்னு சொல்றாரு. இன்னும் கொஞ்ச நாள்ல இத வித்துடப் போறோம். இவ கல்யாணமாயி எந்த ஊருக்குப் போவாளோ! யாருக்கு இவ்ளோ பெரிய ஷெட்டு?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. நைனாவின் இருதயம் அதற்குள் பலவீனப்பட்டிருந்தது. நைனா என்ன சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மல்லாட்ட வேவுது, வாங்க" என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

கூரை ஏறிய கையோடு நைனா படுத்துவிட்டார். புதுச்சேரியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவரால் பத்தடி சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வேலையைப் பார்ப்பார். கடைசியாகப் பாக்கி இருந்தது வேலை மேடை. அதன்மேல் பொருத்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸை முன்னமே வாங்கி வைத்திருந்தார். மேடையை எவ்வளவு உயரம் கட்டுவது என்று கொத்தனார் கேட்டார்.

"குள்ளக் கத்திரிக்கா, இங்க வா" என்று நைனா என்னைக் கூப்பிட்டார். அவரும் அண்ணனும் நெட்டை, நானும் அம்மாவும் குட்டை. அதனால் எனக்கு அந்தப் பெயர். "நில்லு. கைய மடக்கு" என்றார். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைஸை வைக்கச் சொன்னார். வைஸின் தலை என் முழங்கைக்கு வரும்வரை கல்லை ஏற்றியும் இறக்கியும் பார்க்கச் சொன்னார். கொத்தனார் தயங்கினார். "அண்ணே, உங்களுக்குக் குனிய வேண்டியிருக்குமே?"

"நீ கட்டுப்பா" என்றார்.

அவரால் எழுந்து நிற்க முடியாததால்தான் என்னை நிறுத்தி அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மக்கு. மேடை காய்ந்ததும் வைஸை நானே போல்ட் போட்டு இறுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நைனா காலமானார்.

அன்றைக்கு மழை கொட்டியதை நீங்கள் அறிவீர்கள். பந்தலுக்குள் தண்ணீர் ஒழுகியதும், ஷெட்டில் அந்த வெற்றிடத்தில்தான் நைனாவைக் கொண்டுவந்து வைத்தோம். மேளக்காரர் முதல் மாலை வாங்கி வந்தவர்கள் வரை எல்லோரும் உள்ளே நின்றார்கள். அவ்வளவு பெரிய ஷெட் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாற்காலிகளை டிரெய்லரில் திருப்பி அனுப்ப வேண்டும். அதை வண்டியோடு மாட்டுகிற இரும்புப் பின் வளைந்து கிடந்தது. அண்ணன் அதை வைஸில் பிடித்துச் சுத்தியலால் நிமிர்த்தப் பார்த்தான். நாலு அடி அடிப்பதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இன்னாடி இது, இவ்ளோ தாழ வெச்சிருக்காரு? நைனாவாலயே இதுல வேல செய்ய முடியாதே?"

சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் முழங்கையைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வண்டியை விற்பதைப் பற்றி அண்ணன் அதற்குப் பிறகு பேசவில்லை. சுத்தியலை என்னிடம் நீட்டி, "நீயே அடி" என்றான். குனியாமல் நின்று அந்தப் பின்னை நிமிர்த்தினேன்.

நைனாவின் கடைசி நாட்களில் நேரம் காலம் பார்க்காமல் காரை எடுத்து வந்த சித்தப்பாவுக்கும், மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையிருந்த அத்தைக்கும், துக்க வீட்டுக்கு மூன்று வேளையும் சோறாக்கி அனுப்பிய எதிர்வீட்டாருக்கும், மழையில் நின்று எங்கள் நைனாவை வழியனுப்பிய ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. காயப்போடக் களம் போச்சே என்று வருத்தப்பட்டவர்கள் ஷெட்டின் முன்னால் போட்டிருக்கும் சிமெண்ட் தரையில் மல்லாட்டை காயப்போடலாம். ரிப்பேர் என்றால் கேஜ் வீலைக் கழற்ற வேண்டாம், அப்படியே ஓட்டிக்கொண்டு வாருங்கள். பக்கத்து இடம் உங்கள் வண்டிக்காகத்தான். மேடைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

— இளைய மகள்