ஜெரோம் அண்ணன் எழுதாத கட்டுரை

ஜெரோம் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு விளம்பரத்தின் பின்னாலிருந்து வந்தது. அக்காள் மகளின் காதுகுத்துக்காக நம் அந்தமானின் லாங் ஐலண்ட் தீவுக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு நெட்வொர்க் கிடைத்தது படகுத்துறைப் பக்கம்தான். போனைத் திறந்ததும் யாரோ அனுப்பிய ஒரு இணைப்பு. ‘அந்தமான் இசைக்கலைஞர் திடீர் மரணம்! கடைசியாக அவர் சொன்ன ரகசியம் என்ன?’ என்று தலைப்பு. தொட்டேன். முதலில் முடி வளர்க்கும் எண்ணெய் வந்தது. அதை மூடினால் சீட்டு விளையாட்டு வந்தது. அதையும் மூடின பிறகுதான் அண்ணனின் முகம் தெரிந்தது. மாதா கோயில் கொயரில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் படம். ஒரு மனிதர் செத்துப்போனதைக் கூட எண்ணெய் விற்ற பிறகுதான் சொல்வார்கள் என்றால், இவர்கள் வீட்டில் சாவே விழாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

படகும் பஸ்ஸும் மாறி நான் அண்ணன் வீடு இருக்கும் டெய்ரி ஃபார்ம் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அண்ணனின் மனைவி அமலி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு, அந்தத் தலைப்பைப் பற்றி அவரே பேச்செடுத்தார்.

“ரகசியமாம், ரகசியம். காபியில சீனி பத்தலைன்னாவ. எடுக்க உள்ள போனேன். திரும்பி வாரதுக்குள்ள நாற்காலியில சாஞ்சிட்டாவ. இதுல என்ன ரகசியத்தைக் கண்டானுவ கலா?”

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் என்னைப் போல அவருடைய கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்கள். இல்லையென்றால், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர் வாசிக்க வாசிக்க பிரியாணி தின்றவர்கள். ரிப்பேருக்குக் கொடுத்த ஆம்ப்ளிஃபயரை வாங்க அவர் கடை வாசலில் நின்றவர்களும் இருப்பீர்கள். அவர் சொந்தமாகப் பாட்டுக் கட்டியதும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பாட்டுகளை நாலு பேர் கேட்க வேண்டும் என்பதற்காக அவர் பல வருடங்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தது உங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்னால் நம் தீவில் இன்டர்நெட் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாட்டை ஏற்ற உட்கார்ந்தால் பாதியில் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அண்ணன் ஒருநாள் கடையில், எவ்வளவு ஏறியது என்று காட்டும் அந்த நீலக் கோடு நகர்வதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், “பாட்டு போக மாட்டேங்குது, எழுத்து போகுதுல்லா?” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. மெயின்லேண்டுக்குக் கப்பலில் போகிறவர் யாரையாவது பிடித்துப் பாட்டுகளைப் பென் டிரைவில் கொடுத்துவிடுவார். தூத்துக்குடியில் அவருடைய சித்தப்பா மகன் அதை வாங்கி, அண்ணன் பெயரில் திறந்திருந்த பக்கத்தில் ஏற்றுவான். இங்கே அண்ணன், இசை பற்றி எழுதும் மற்றவர்களின் தளங்களுக்கு விருந்தாளிபோல ஒரு கட்டுரை எழுதி அனுப்புவார். கட்டுரையின் அடியில் தன் பாட்டுப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு வைப்பார். “பாட்டு ஜஹாஜ்ல போகும், எழுத்து காத்துல போகும், ரெண்டும் அங்க போய்ச் சந்திச்சுக்கிடும்” என்பார்.

முதல் கட்டுரை கடல் காற்றில் கீபோர்டின் உள்பாகம் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்பது. நான் சிரித்தேன். இதைப் படித்துவிட்டு உங்கள் பாட்டை எவன் கேட்பான் என்று கேட்டேன். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கோயிலில் வாசிக்கும் ஒருவர் கேட்டார். தன் கீபோர்டிலும் அதேபோல் துருவேறிக் கட்டை ஒட்டிக்கொள்கிறது என்று கட்டுரைக்குக் கீழே எழுதியிருந்தார். அண்ணன் பதில் எழுதினார், அவர் மறுபடி எழுதினார், பிறகு பாட்டைக் கேட்டுவிட்டுத் தன் நண்பர்களுக்கும் அனுப்பினார். அதற்குமேல் நான் சிரிக்கவில்லை.

எல்லாரும் செய்வதுபோலக் கட்டுரை நெடுக இணைப்புகளைத் தூவி வைக்கலாமே என்று ஒரு தடவை சொன்னேன். அவர் முகம் கோணிப்போயிற்று. “அடுத்தவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டு, வாய்க்கு வாய் எங்க வீட்டுக்கு வாங்க, எங்க வீட்டுக்கு வாங்கன்னு சொல்லுவியா தாயி? கெளம்பும்போது ஒரு தடவை சொல்லணும். பிடிச்சிருந்தா வருவாவ.” எழுதப்போகும் தளத்தில் பழைய கட்டுரைகளை எல்லாம் படித்து முடிக்காமல் ஒரு வரி எழுத மாட்டார். தன் கட்டுரை வந்த பிறகு அடியில் யார் என்ன கேட்டாலும், வேலைக்கு நடுவில் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் எழுதுவார்.

தாலாட்டுகளைப் பற்றி அவர் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, சுனாமிக்குப் பிறகு மெயின்லேண்டு போய்விட்ட ஒரு பெண் அதன் அடியில் எழுதினார். இலங்கையிலிருந்து வந்த தன் அம்மா பாடிய தாலாட்டில் முதல் இரண்டு வரிதான் நினைவிருக்கிறது, மீதி அலையோடு போய்விட்டது என்று. அண்ணன் வந்தவர் போனவரையெல்லாம் கேட்டார். மூன்றாவது வரி தெரிந்தவர் ஒருவர், நான்காவது வரி தெரிந்தவர் இன்னொருவர் என்று அந்தக் கட்டுரைக்குக் கீழேயே எழுதினார்கள். தாலாட்டு முழுசாக அங்கே சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்குப் பேரன் பிறந்தபோது அதைப் பாடியதாகச் சொன்னார்.

இப்போது ஒரு தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனின் நல்ல கட்டுரைகள் எல்லாம் அதில்தான் வந்தன. தொடங்கியபோது இசைப்பித்துப் பிடித்த ஒருவர் நடத்தினார். பிறகு கை மாறியது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருநாள் கடைக்குப் போன் செய்தார். அண்ணன் கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நானும் கேட்டேன்.

“சார், அந்தமான்னாலே மக்கள் வேற ஒண்ணு எதிர்பார்க்கிறாங்க. காட்டுக்குள்ள இருக்கிற பழங்குடிகள் பாட்டு பத்தி ஒண்ணு குடுங்க. செம டிராஃபிக் வரும். உங்க பாட்டுக்கும் அள்ளிக்கிட்டு வரும்.”

“தம்பி, நான் அதைக் கேட்டதே இல்ல. அவங்க காட்டு வழியா போலீஸ் கான்வாயில பஸ் போகும்போது, நிக்காத, எட்டிப் பாக்காத, போட்டோ எடுக்காதன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாவ. அவங்களை அவங்க பாட்டுல விடணும்.”

“நெட்ல நிறைய இருக்கே சார். அதை வெச்சு, நீங்க நேர்ல போன மாதிரி...”

“அப்ப அந்த நெட்டையே எழுதச் சொல்லு” என்று அண்ணன் போனை வைத்தார்.

அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் குடித்துவிட்டு மைக்கைப் பிடுங்கினாலும் “சோடோ தாயி, விட்டுரு” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பவர். அன்று கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “வேடிக்கை காட்டுற மாதிரி அவங்களைக் காட்டிக் கூட்டம் சேத்து, அந்தக் கூட்டத்துக்கு என் பாட்டைப் போட்டா, அதுக்குப் பேரு பாட்டா? சீ!” என்றார். அதோடு அந்தத் தளத்துக்கு எழுதுவதை நிறுத்தினார். மற்ற சின்னத் தளங்கள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. அவருடைய பழைய கட்டுரைகள் மட்டும் அவர் விலகிய அந்தத் தளத்தில் இருந்தன. கேபிள் வந்து நொடியில் பாட்டு ஏறும் காலமும் வந்தது. ஆனாலும் அந்தப் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிற ஒன்றிரண்டு பேர்தான் அவர் பாட்டை உட்கார்ந்து கேட்டவர்கள்.

பதினாறாம் நாள் பூசை கழிந்த பிறகு அந்தத் தளத்தில் ஒரு புதிய கட்டுரை வந்தது. ‘அடர்ந்த காட்டுக்குள் நான் கேட்ட ஆதிப் பாடல்’. விருந்தினர் கட்டுரை, எழுதியவர் ஜெரோம். அதே வெள்ளைச் சட்டைப் படம். செத்துப்போனவர் எழுந்து வந்து, உயிரோடிருந்தபோது காறித் துப்பியதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்! நெருப்பைச் சுற்றி ஆடினார்களாம், இவர் கண்ணீர் விட்டாராம். மனிதன் எழுதினானா மெஷின் எழுதியதா தெரியவில்லை. ஒரு வரியில் கூட வியர்வை இல்லை.

அதைவிட அருவருப்பு நாம் செய்தது. ஆமாம், நாம்தான். கொயர் குரூப்பில், கல்யாண பார்ட்டி குரூப்பில், ஸ்கூல் குரூப்பில் என்று கை கூப்பிய படங்களோடு அதைப் பகிர்ந்தீர்கள். ‘நம்ம ஜெரோம் அண்ணன் எழுதினது, பெருமை’ என்று போட்டீர்கள். இருபது வருடம் பழகியவர் காட்டுக்குள் போகிற ஆளா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்திருந்தால் தோன்றியிருக்கும்.

என்னைத் தவிர படித்தவர் அமலி அக்கா ஒருத்திதான். “இவிய எப்ப காட்டுக்குப் போனாவ கலா? டார்ச் இல்லாம புறவாசலுக்கே போவ மாட்டாவளே” என்றார். சிரிக்கத் தொடங்கி அழுதார்.

நான் தளத்துக்குப் போன் செய்தேன். அதே ஆசிரியர். கொஞ்சமும் கூச்சமில்லை. “மேடம், இது ஒரு ட்ரிப்யூட். சார் பேர் எங்கேயோ போயிடுச்சு. கீழே அவர் பாட்டுக்கு லிங்க் குடுத்திருக்கோம், போய்ப் பாருங்க” என்றார். பார்த்தேன். பொய் இல்லை. வாழ்நாள் முழுக்க அண்ணன் ஏங்கிய கூட்டம், திருவிழாக் கூட்டம் மாதிரி வந்து குவிந்திருந்தது. கப்பல் ரத்தாகி, ஹார்பரில் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஊரை நினைக்கிறவனைப் பற்றிய அவருடைய பாட்டின் கீழே எழுதியிருந்தார்கள்: ‘காட்டுவாசி பாட்டு எங்கடா?’ ‘டான்ஸ் வீடியோ இல்லையா?’ ‘ஏமாத்திட்டான்.’

ஆசிரியரை மறுபடி அழைத்து, அதை எடுத்துவிடுங்கள் என்றேன். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் எடுக்கலாம், ஆனால் ஒரு கட்டுரையை மட்டும் எடுக்கும் வழக்கம் இல்லை, ஜெரோம் என்ற பெயரில் இருப்பது அத்தனையும் போய்விடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அதாவது துருப்பிடிக்கிற கீபோர்டு போகும், அடியில் நடந்த பேச்செல்லாம் போகும், அவருடைய பாட்டுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அடைபடும். எழுத்தை நான் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். தேடி வருகிறவர்களை எங்கே நகலெடுப்பது?

அமலி அக்காவிடம் போய்ச் சொன்னேன். பொய்க் கட்டுரை இருந்தால் இருக்கட்டும், வருகிற கூட்டத்தில் பத்துப் பேராவது நின்று பாட்டைக் கேட்க மாட்டார்களா என்று என் மனசு ஒரு பக்கம் இழுத்தது. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“கட்சால்காரப் பொண்ணு பாட்டும் போயிருமோ?”

“போயிரும் அக்கா.”

“அந்தப் பிள்ளைக்கு முழுசா மனப்பாடமா இருக்குல்லா?”

“இருக்கும்.”

“அப்பச் சரி. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. இவிய பாட்டை யாரும் கேக்கலைன்னா கேக்காம போறாவ. எத்தனையோ வருசம் கேக்காமதான இருந்தாவ? ஆனா இவிய சொல்லாததைச் சொன்னாவன்னு ஒருத்தரும் சொல்லப்பிடாது.”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பினேன். எல்லாம் போயிற்று. இன்று அந்தத் தளத்தில் ஜெரோம் என்று தேடினால் ஒன்றும் வராது. கூட்டமும் வந்த வேகத்தில் கலைந்துவிட்டது. முந்தாநாள் அந்த ஆசிரியரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி: ‘மேடம், நீங்களும் பாடுவீங்களாமே. சாரைப் பத்தி உருக்கமா ஒரு கெஸ்ட் போஸ்ட் குடுங்க. கீழே உங்க பாட்டுக்கு லிங்க் வெச்சுக்கலாம்.’ நான் பதில் எழுதவில்லை. நாக்கு நுனிவரை வந்தவை எதுவும் அச்சில் ஏறும் வார்த்தைகள் அல்ல. இந்த அஞ்சலியைத் தாளில் அச்சடித்து உங்கள் கையில் கொடுப்பது, இதன் அடியில் யாரும் எந்த லிங்க்கும் வைக்க முடியாது என்பதால்தான்.

இப்படி எழுதும்போது, அவரிடமிருந்து எனக்கென்று என்ன வைத்துக்கொண்டேன் என்று சொல்வது வழக்கம். அவருடைய இனிமையை உங்களில் யாராவது வைத்துக்கொள்ளுங்கள், அது எனக்கு வராது. ராகம், தாளம், பொறுமை இவற்றையும் கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் மன்னித்த அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தடவை முகத்தைச் சுளித்து “சீ!” என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் போதும். அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.