டிபன் பைக்குள் போன வயலட் இலை

தொண்ணூறுகளின் கடைசியில் பசுமலையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அங்கே கணக்கு டீச்சர் சரோஜா, ஓய்வறை ஜன்னலோரம் ஆப்பிரிக்கன் வயலட் தொட்டி ஒன்றை வைத்திருந்தார். வெல்வெட் போன்ற இலைகள், நடுவே ஊதாப் பூக்கள். மதுரை வெயிலில் அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. யாரையும் தொட விடமாட்டார்.

ஓர் இலையைக் காம்போடு நட்டாலே செடி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். கேட்கக் கூச்சம். யாருமில்லாத நேரம் பார்த்து ஓர் இலையைக் கிள்ளி டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு ஜன்னலில் அது வேர்விட்டு, குட்டி இலைகள் விட்டு, ஒரு வருடத்தில் பூத்தது.

அந்தக் கோடை விடுமுறையில் யாரோ அளவில்லாமல் தண்ணீர் ஊற்றியதில் டீச்சரின் செடி அழுகிப்போனது.

"இம்புட்டு வருசம் வளர்த்தேன்" என்று பள்ளி திறந்த அன்று அவர் தொட்டியோடு நின்றதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் என் செடியைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"டீச்சர், இது உங்க செடியோட பிள்ளைதான். கேக்காம ஒரு இலையை எடுத்துட்டேன்" என்றேன்.

பூவைப் பார்த்தவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க. நானும் கொடைக்கானல்ல தங்குன லாட்ஜ்ல கிள்ளிட்டு வந்ததுதான்."

அதுவரை வணக்கத்துக்கு மேல் நாங்கள் பேசியதில்லை. அன்று மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்போதெல்லாம் யாராவது, அதன் இலையிலிருந்து மறுபடி வளர்ந்த என் செடியை ஆசையாகப் பார்த்தால், அவர்கள் கேட்கும்வரை நான் காத்திருப்பதில்லை; நானே ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்துவிடுகிறேன்.