அழித்த குறிப்பு

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்கும் அப்பாவின் கையைப் பிடித்து, "இன்னைக்குச் செய்தி ரொம்ப நல்லாருந்துச்சுங்கய்யா" என்று எல்லாரும் சொல்வார்கள். பிரசங்கத்தில் நன்றாகத் தூங்கியவர்கள் சற்று உரக்கவே சொல்வார்கள். வல்லத்திராக்கோட்டைக்கு அருகே ஒரு சிறிய சபைக்கு அப்பா போதகராக இருந்தார்.

அந்தப் புகழ்ச்சியை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் பாட்டுப் புத்தகத்தை வாங்குவார். அதன் கடைசி வெற்றுத்தாளில், பிரசங்கத்தின்போது அம்மா பென்சிலால் எழுதியிருப்பாள். 'கதை நீளம்.' '"ஆகவே பிரியமானவர்களே" - பதினோரு தடவை.' அதைப் பற்றி இருவரும் வாயால் பேசுவதில்லை. படிக்கும்போது அப்பாவின் முகம் வாடும். எட்டு வயதுக்காரியான எனக்கு அம்மாவின் மேல் கோபம் வரும்.

எங்கள் கோயில் மணியை அடிப்பவர் ஓர் அத்தை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அவருடைய மகன் பெட்டியில் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த ஞாயிறு அப்பா கண்களை மூடிக்கொண்டு, "விசுவாசத்தோடு ஜெபிக்கிற வீட்டுக்குத் துக்கச் செய்தி வராது" என்று உருக்கமாகச் சொன்னார். அத்தை எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா பென்சிலை அழுத்தி எழுதினாள்.

அன்றைய குறிப்பு நீளமாக இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தபோது ரப்பரால் அழித்துவிட்டேன். புத்தகத்தைத் திறந்த அப்பா, நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

அந்த வாரம் முழுவதும் அம்மா அவரிடம் அதிகம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை.

"அவுங்க ஏன் வரல?" என்றார் அப்பா, அங்கியை மாட்டிக்கொண்டே.

"எழுதியிருந்தேன்ல. படிச்சுட்டும் அந்த வீட்டுப் பக்கம் போகாம இருந்துட்டீங்களே."

"போன வாரம் நீ ஒண்ணும் எழுதலையே!"

"நான்தாம்ப்பா அழிச்சேன். ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

அப்பா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பென்சில் பதிந்த பள்ளங்களை விரலால் தடவித் தடவிப் படித்தார். 'மணி அடிக்கிறவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவுங்க ஜெபிக்கலையா? போய்ப் பாருங்க.'

"நீ பாட்டை ஆரம்பிச்சு வையி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அங்கியோடு தெருவில் நடந்தார். நாங்கள் ஐந்து பாட்டுப் பாடி முடித்த பிறகே திரும்பினார், தனியாக. பீடத்தில் ஏறாமல், கீழேயே நின்று, "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்றார். அதன் பிறகு வேறு பிரசங்கம் செய்யவில்லை. அன்று ஒருவரும் தூங்கவில்லை. என்னால்தான் அப்பா பிரசங்கத்தை மறந்து நிற்கிறார் என்று அழுதேன். அத்தை மறுபடியும் மணிக்கயிற்றைப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

தப்பை ஒப்புக்கொண்ட அன்று மதியம் அப்பா என்னைத் திட்டவில்லை. அம்மாவின் பென்சிலை வாங்கிச் சீவி, அந்தப் பள்ளங்களின் மேல் ஓர் எழுத்து விடாமல் திரும்ப எழுதினார். தன்னை அவ்வளவு வருத்திய வார்த்தைகளை ஒருவர் ஏன் தம் கையாலேயே மீட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று, ரப்பரைக் கைக்குள் மறைத்தபடி நின்றிருந்த எனக்கு அப்போது விளங்கவில்லை.