சாத்தூரில் இறங்காதீர்கள்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வெள்ளைத்துரை அண்ணன் போன் செய்தார். சிவகாசியில் என் தாய்மாமா தனுஷ்கோடியோடு ஒரே லாரி ஆபீசில் வேலை பார்ப்பவர்.

"தம்பி, மாமா உக்காந்த சேர்லயே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். இல்லேன்னுட்டாக."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர்லருந்து ஆளுக வாராகளே, அவுகள என்ன செய்ய?" என்று கேட்டார். மாமா இருந்திருந்தால் அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

பட்டாசுப் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து லோடு ஏற்றுவது மாமாவுக்குச் சம்பள வேலை. தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை இறக்கி, தங்கவைத்து, திருப்பி அனுப்புவது அவராக எடுத்துக்கொண்ட வேலை. இரண்டும் அவருக்கு ஒன்றுதான். கடைசியில் இறங்குகிறவரை முதலில் ஏற்றி வேனின் பின்சீட்டில் உட்காரவைப்பார். வயதானவர்களை 'உடையுற சரக்கு' என்பார், அதுவும் அவர்கள் காதுபட. அறை பிரிப்பதற்கு முன்பு, "உங்க வீட்டுல குறட்டை யாருக்கு?" என்று நேராகவே கேட்டுவிடுவார். முதலில் முறைப்பார்கள், பிறகு ஆளுக்கு ஆள் காட்டிக்கொடுப்பார்கள். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் மாமா இருக்க மாட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் அவர் பஸ் ஸ்டாண்டில் யாருக்காகவோ நின்றுகொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் தாயில்பட்டி சங்கிலிமுத்துவின் மகள் மாரிசெல்விக்கு. சங்கிலிமுத்து பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர். மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். மாப்பிள்ளையும் அந்த ஊர்தான். மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் குறித்த நாள் தை கடைசி வெள்ளி. அன்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு வருகிற கூட்டத்தில், தாயில்பட்டிக்குப் பக்கத்துச் சாத்தூர் லாட்ஜ்களில் படிக்கட்டுகூடக் காலியாக இருக்காது. சம்பந்தி வீட்டாரிடம் இதைச் சொல்லச் சங்கிலிமுத்துவுக்குக் கூச்சம். சரி என்று தலையாட்டிவிட்டு, நேராக மாமாவிடம் வந்தார். கூடவே மாரிசெல்வியும்.

"மொதமொதல்ல நம்ம ஊருக்கு வாராக மாமா. தங்க இடமில்லாம ரோட்டுல நின்னாகன்னா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாக," என்றாளாம்.

"ஒரு ஆளு ரோட்டுல நின்னாலும் நான் மீசைய எடுத்துடுறேன் தாயி."

மாமா சொன்னபடி இடம் பிடித்தார். ஒரு பட்டாசுக் கம்பெனி, சரக்கு எடுக்க வரும் வடநாட்டு வியாபாரிகளுக்காகத் தன் வளாகத்தின் முன்பக்கம் மாடிக் கட்டடம் ஒன்று வைத்திருந்தது. சீசன் இல்லாததால் பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, தலையணை உறைகூட மாற்றச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ராமுத்தாய் அத்தை மாமாவின் போனை என் கையில் கொடுத்தாள்.

"ஏய்யா, அந்தப் புள்ள கல்யாணத்தப் பாரு. உங்க மாமா வாக்குக் குடுத்திருக்காரு. வாரவுககிட்ட மட்டும் இத இப்பச் சொல்லாத. நல்ல காரியத்துக்கு வாராக."

போனில் மாப்பிள்ளை வீட்டாருக்காக மாமா தொடங்கிய வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அவர் எழுத்தாக எதுவும் அனுப்பியிருக்கவில்லை. எல்லாம் குரல் பதிவுகள்தான். ஒன்றைத் தொட்டேன்.

"வணக்கம், தனுஷ்கோடி பேசுறேன். எல்லாரும் விருதுநகர்ல இறங்குங்க. சாத்தூர்ல இறங்காதீக. இறங்கினா கூட்டத்தோட கூட்டமா இருக்கன்குடிக்குத் தள்ளிட்டுப் போயி மொட்டை போட்டு விட்டுருவாக. மாப்பிள்ளைக்கு மொட்டை போட்டாச்சுன்னா அப்புறம் என்னைக் குத்தஞ் சொல்லக்கூடாது. ஸ்டேஷன் வாசல்ல வெள்ளை வேன் நிக்கும். அப்புறம், இங்கன புரோட்டாவ எண்ணெய்ல பொரிச்சுக் குடுப்பாக. பயப்படாதீக, அது அப்பிடித்தான்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

துக்க வீட்டுக்காரன் கல்யாண மண்டபத்துக்குள் போகக்கூடாது. ரயிலடிக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அதிகாலையில் நானும் வெள்ளைத்துரை அண்ணனும் விருதுநகர் ஸ்டேஷனில் நின்றோம். ஒருவர்கூடச் சாத்தூருக்குப் போய்விடவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா இறங்கியதுமே, "தனுஷ்கோடியண்ணன் எங்கீங்க? அவர் பேச்சைக் கேட்டுட்டேதானுங்க வந்தோம்," என்றார்.

"வெளியூர் லோடு ஒண்ணு, அவசரமாப் போயிருக்காருங்க," என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை அண்ணன் பெட்டிகளைத் தூக்கக் குனிந்துகொண்டார்.

எல்லாரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடு திரும்பினோம். சாயங்காலம் மாமாவின் போன் அடித்தது. மாரிசெல்வி. போன் என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, மத்தியானத்துலருந்து அடிக்கிறேன், மாப்பிள்ளை வீட்டுல யாருமே போன எடுக்க மாட்டேங்குறாக. மாப்பிள்ளையும் எடுக்கல. ராத்திரி நிச்சயம் வச்சிருக்கு. எடம் பிடிக்காமக் கோவிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாகளோ? அப்பா இங்கன தலையில கைய வச்சு உக்காந்திருக்காரு."

அண்ணனின் பைக்கில் பறந்தோம். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் நாகையா ஸ்டூலில் அமர்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடை நிறைய செல்போன்கள். ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய டோக்கன். நாங்கள் பார்க்கும்போதே இரண்டு போன்கள் வெவ்வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன.

"என்ன நாகையாண்ணே இது?"

"போனு."

"அது தெரியுது. எதுக்கு வாங்கி வச்சிருக்கீக?"

"கேட்டுக்குள்ள போனு, தீப்பெட்டி, பீடி ஆகாதுல்ல? இம்புட்டு வருசமா நாந்தான வாங்குறேன். மாப்பிள்ளை வீட்டாளுன்னா வெடி வெடிக்காமப் போயிருமா?"

"ஏய்யா, இவுக விருந்தாளிக! உள்ள வெடிமருந்து அள்ளவா போறாக?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடிச்சுக்கிட்டே இருக்கே, எடுத்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அடுத்தவுக போன எடுத்து அலோ சொல்ல நான் என்ன கூறுகெட்டவனா?"

மாமா இருந்திருந்தால் முந்தின நாளே நாகையாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பார். இந்த ஒன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். கோபத்தை எதிர்பார்த்துப் போன எங்களுக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. மாப்பிள்ளை வீட்டு அண்ணன் தம்பிகள் பாயை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் வட்டமாக உட்கார்ந்து யாரையோ போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க," என்றார் பெரியப்பா. "உங்க ஊர்ல கல்யாணத்துக்கு முந்தின நாள் போனைத் தொடக்கூடாதுங்களாமா? நல்ல பழக்கமுங்க. நாங்க இப்படி ஒண்ணா உக்காந்து பேசி எத்தனை வருசமாச்சு!"

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஆமாங்க," என்றேன். மாப்பிள்ளை மட்டும் எழுந்து வந்து கூடையில் தன் போனைத் தேடி எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனான். மாரிசெல்வி அந்தப் பக்கம் முதலில் திட்டியது எங்களுக்கே கேட்டது. பிறகு அவன் முகத்தைப் பார்த்ததில், அவளும் சிரித்துவிட்டாள் என்று தெரிந்தது.

நிச்சயம் நடந்தது. மறுநாள் கல்யாணமும் நடந்தது. மண்டபத்துக்கு எதிர்த்த டீக்கடையில் நின்று நான் கெட்டிமேளம் கேட்டேன். சாப்பாடு முடிந்து பெரியப்பா வெற்றிலையோடு வெளியே வந்தார். திரும்பவும் மாமாவைக் கேட்டார். தாலி ஏறிவிட்டது, இனி மறைக்க வேண்டாம் என்று மாமா போனதைச் சொன்னேன்.

அவர் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னைக்குக் காலைலகூட அந்தப் புரோட்டா சமாச்சாரத்தைப் போட்டுக் கேட்டுச் சிரிச்சமுங்களே," என்றார். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, தயங்கியபடி, "ஊருக்குத் திரும்பறதுக்கு அண்ணன் எதுவும் சொல்லி அனுப்பலீங்களே?" என்றார்.

மாமாவின் போனைத் திறந்தேன். அவர் அனுப்பியவை எல்லாம் வருவதற்கான வழிகள்தான். அவற்றுக்குக் கீழே, அனுப்பாமல் நிறுத்திவைத்த பதிவு ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை பேசியதாக இருக்க வேண்டும். பெரியப்பாவும் நானும் டீக்கடைச் சத்தத்துக்கு நடுவே போனில் காதை வைத்துக் கேட்டோம்.

"ஊருக்குத் திரும்புறவுக கவனிங்க. பால்கோவா வேணுங்கிறவுக முன்னாடியே சொல்லிருங்க, வழியில நிறுத்தச் சொல்றேன். வேன் வந்து..."

அவ்வளவுதான். நானே வேனுக்குச் சொல்லி அவர்களை ரயிலேற்றிவிட்டேன். பெரியப்பா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போனும் செய்துவிட்டார். அந்தப் பதிவு இன்னும் அனுப்பப்படாமல் இருக்கிறது. வேன் எத்தனை மணிக்கு என்பது அதில் இல்லை.