நெருப்பெரிச்சலில் என் படலம் மோப்பம் பிடித்த நாள்

மலையும் அருவியும் எழுதும் பக்கத்தில் சாயப்பட்டறைத் தொட்டியா என்று கேட்காதீர்கள். மூன்று வருடம் ஆய்வகத்தில் நான் வளர்த்த விஷவாயு உணரியை முதன்முதலாக வெளியே சோதிக்கப் போன கதை இது. செவ்வாய்க்கிழமை காலை 7.10க்குக் காந்திபுரத்தில் திருப்பூர்ப் பேருந்து. 55 கிலோமீட்டர், 50 ரூபாய். திருப்பூரிலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 9.20க்கு நெருப்பெரிச்சலில் இறங்கினேன்.

அங்கே நான் போன சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் இறங்கிக் கசடு அள்ளுபவர் மயில்சாமி அண்ணன். உள்ளே வாயு இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இருந்த ஒரே கருவி மூக்குதான். வாயு அதிகமானால் அந்த மூக்கே மரத்துப்போகும். மேலாளர் ரபீக், "இது வேலை செஞ்சா வாங்கிக்கறோம், இல்லீன்னா பழையபடிதானுங்க" என்றார்.

உணரியைத் தொட்டியோரம் வைத்துவிட்டுப் போய் டீ குடித்து வந்து, அதைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். வாயு இருந்தால் அலற வேண்டியது, சத்தமே இல்லை. மயில்சாமி ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். நல்ல காற்றில்கூட லேசாக ஆடும் எண், கையிலிருந்த திரையில் துளிகூட அசையாதது என்னை உறுத்தியது. "நில்லுங்கண்ணா!" என்று கத்தி, மேலே இழுத்துப் பார்த்தால், வாயுவை உணர மூடிக்குள் நான் பூசியிருந்த படலம் கண்ணாடியாக மின்னுகிறது.

"மங்கலா இருந்துச்சுங்க அம்மிணி. மூடியக் கழட்டி, பனியன் வேஸ்ட் துணில நல்லாத் தொடச்சு வெச்சேன்" என்றார் மயில்சாமி.

எனக்கு அழுகையே வந்தது. கண்ணுக்குத் தெரியாத முடிகள் எழும்பி நிற்கும் பரப்பு அது. வாயு ஒட்டுவது அந்த முடிகளில்தான். அதே பொருள்தான், ஆனால் வழவழப்பானால் பிடிமானம் போச்சு.

"டர்க்கித் துண்டோட நூலையெல்லாம் செரச்சுட்டா தண்ணி இழுக்குமாங்க?" என்றார் ரபீக். இதைச் சொல்ல நான் ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்!

மாற்று உணரியை 11.40க்கு இறக்கினேன். எட்டே நொடியில் அலறியது. மேலே நின்ற எங்களில் ஒருவருக்கும் வாடையே தெரியவில்லை. மயில்சாமி ஏணியை விட்டுத் தள்ளி நின்றார், ரபீக் தொட்டியை மூடச் சொன்னார். ஆமாம், எனக்குத் தலைகால் புரியாத பெருமைதான்.

நீங்களும் இப்படிச் சோதிக்கப் போனால் இரண்டு உணரி எடுத்துப் போங்கள். மூடியை இறுக்கி ஒட்டுங்கள். 'துடைக்காதே' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி வையுங்கள்.

கிளம்பும்போது மயில்சாமி அண்ணன் போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்: "இன்னைக்குத் தொட்டி வேலை இல்ல. சோறு ஆக்கி வையி, மத்தியானம் ஊட்டுக்கே வந்தர்றேன்."