லைல் வாங்கிய நெற்றி விளக்கு

மொன்டானாவில் மாடு வளர்க்கும் லைல் பிராண்ட்வோல்டுக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. ஒரு பூட்ஸ் வாங்கவே குளிர்காலம் முழுவதையும் தின்றுவிடுவான். அந்த வசந்தத்தில் கன்றுகள் திருட்டுப் போகவே, விடியும் முன் துப்பாக்கியோடு காவல் சுற்றுவதென்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முடிவெடுத்தார்கள். லைல் நெற்றி விளக்கு தேட ஆரம்பித்தான். அவன் மனைவி ஆர்லிஸுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

"என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கல, லைல்."

"அதான் இப்பவாச்சும் யோசிக்கறேன்."

தொப்பிமேல் நழுவக் கூடாது, கையுறையோடு அழுத்த வரவேண்டும், மழைக்குத் தாங்க வேண்டும். அலசி அலசி, தனக்கும் கூடக் காவலுக்கு வரும் ஆர்லிஸுக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு வாங்கினான். வெள்ளை வெளிச்சத்துக்கு ஒரு பொத்தான், சிவப்புக்கு ஒன்று. வாங்கிய கையோடு வெள்ளைப் பொத்தான்களின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினான்.

"இது எதுக்கு?"

"தெரியாம அமுக்கிட்டேன்னு வை, 'இதோ நிக்கறேன், சுடு'ன்னு நானே கூப்பிட்ட மாதிரி. சிவப்புன்னா தூரத்துக்குத் தெரியாது. நம்ம கண்ணும் இருட்டுக்குப் பழகியே இருக்கும்."

அவன் சொன்னது சரிதான். காவல் சுற்றும் எல்லோரும் அப்படித்தான் ஒட்டியிருந்தார்கள்.

ஒருநாள் விடியும் முன் இருவரும் காவல் சுற்றப் போனார்கள். வேலி தாண்டும்போதும் முறைப்படி துப்பாக்கியை முதலில் ஆர்லிஸிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏறினான். கம்பி அறுந்தது. முனை உடைந்த இரும்புக் கம்பம் தொடையைக் கிழிக்க, பனி உருகி ஓடும் வாய்க்காலில் விழுந்தான்.

"அடி பட்டுச்சா?" கையைப் பிடித்துக் கரையேற்றினாள்.

"கால் மரத்துப்போச்சு, ஒண்ணும் தெரியல. நீ கொஞ்சம் பாரேன்."

குனிந்து பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தனியாகத் தெரியாது. நனைந்த கால்சட்டை மினுமினுத்தது, அவ்வளவுதான்.

"தண்ணிதான். உக்காரு, நான் கன்னுங்களைப் பாத்துட்டு வரேன்."

பத்தடி போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டான். "ஆர்லிஸ், ரொம்பக் குளிருது."

"வாய்க்கால்ல விழுந்தா குளிராம? சின்னப் புள்ளையாட்டம் அழாத!"

கன்றுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அதைச் சொல்லத்தான் வேகவேகமாகத் திரும்பி வந்தாள். கிழக்கு வெளுத்திருந்தது. அவன் உட்கார்ந்திருந்த புல் முழுக்க ரத்தம். ரத்தத்தை நிறுத்தக் கட்டும் பட்டி, பிரிக்காத உறையோடு, அவன் இடுப்புப் பையிலேயே இருந்தது. அவனை மடியில் போட்டுக்கொண்டு அவள் கதறியது பக்கத்துப் பண்ணைவரை கேட்டது.

அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் காபியும் கேக்கும் கொடுக்கும்போது பக்கத்துப் பண்ணை ஹால்வர் அவளருகே வந்து உட்கார்ந்தார்.

"அந்த வெளிச்சத்துல யாருக்கும்மா தெரிஞ்சிருக்கும்? உன்மேல தப்பே இல்ல."

"கண்ணுக்குத் தெரியலதான், ஹால்வர்," என்றாள் ஆர்லிஸ். "ஆனா குளிருதுன்னு அவன் வாயைத் திறந்து சொன்னான். நான்தான் திட்டிட்டுப் போயிட்டேன்."