சம்பந்தி காருக்குப் போட்ட கேஸ்

அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே எவருக்கும் இல்லை. கார்களுக்கு ஏ.சி. பார்க்கிறவர் என்பதால் ‘கூலிங்’ என்றே ஆகிவிட்டது. மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிற மனிதருக்கு இந்தப் பட்டப்பேரைச் சூட்டியவன் நல்ல குசும்பனாகத்தான் இருக்க வேண்டும்.

பஞ்சர் கடைக்கு அடுத்த ஷட்டர்தான் அவருடைய பட்டறை. சுவரில் ஏ.சி. கேஸ் ஏற்றுகிற நீலம், சிவப்பு, மஞ்சள் ஹோஸ் குழாய்கள் தொங்கும். கேஸின் அழுத்தம் காட்டுகிற கேஜ் மீட்டர் ஒன்று இருந்தது, ஆனால் அதை அவர் வாடிக்கையாளரின் மனத்திருப்திக்காகத்தான் மாட்டுவார். தன் திருப்திக்கு, இடது மணிக்கட்டை ஏ.சி. காற்றில் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். “இன்னும் கொஞ்சம் வேணும்” என்றால் வேண்டும். “போதும்” என்றால் போதும். வாழ்நாள் முழுக்க அந்த மணிக்கட்டை நம்பியே பிழைத்துவிட்டார், அதில் ஒரு கர்வமும் வளர்ந்துவிட்டது.

காலம் மாறியதுதான் வம்பாகப் போயிற்று. பழைய கார்களுக்கு ஒரு கேஸ், புதிதாக வருகிற கார்களுக்கு வேறு கேஸ் என்று வந்துவிட்டது. எந்த கேஸ், எவ்வளவு எடை என்று பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் சொல்லும். மறதியில் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று கேஸ் ஏற்றுகிற வாயைக்கூட வேறு அளவில் செய்திருக்கிறார்கள். பழைய ஹோஸ் அதில் உட்காராது. உட்காரவைத்தே தீருவேன் என்கிற பிடிவாதக்காரர்களுக்கென்று கடையில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. கூலிங் அதை ஒன்று வாங்கி வைத்திருந்தார். புது கேஸ் சிலிண்டரை மட்டும் வாங்கவில்லை.

“புது கேஸாவது, மண்ணாவது. எல்லாம் கம்பெனிக்காரன் கட்டுற கதை” என்பார்.

“உங்க வாய்க்கு முதல்ல ஒரு வால்வு போடணும்” என்பாள் மனைவி.

இந்த வாய் ஊரார் காருடன் நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஒரு நாள் சம்பந்தியின் காரே பட்டறைக்கு வந்தது.

சம்பந்தி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். வெயில் பட்டால் சம்பந்தியம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்து இரண்டு நாள் படுக்கையில் போட்டுவிடும். அவருக்காகவே புது கார் வாங்கியிருந்தார்கள். அதில் ஏ.சி. குளிர்ச்சி குறைந்திருந்தது. கம்பெனி சர்வீஸுக்குப் போகாமல் நேராக இங்கே ஓட்டிக்கொண்டு வந்து, கூட வந்த இரண்டு நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னார்: “நம்ம சம்பந்தி கை வெச்சாப் போதும், கார் ஃபிரிட்ஜ் ஆயிடும்!”

கூலிங் பானெட்டைத் தூக்கினார். ஸ்டிக்கர் பளிச்சென்று புது கேஸ் என்றது. ‘இது என்னிடம் இல்லை, கம்பெனிக்குக் கொண்டுபோங்கள்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் பெண் கொடுத்த இடம். நண்பர்கள் வேறு வேடிக்கை பார்க்கிறார்கள். நாக்கு புரளவில்லை. கை துடைக்கிற துணியை எடுத்து, ஏதோ வேலைக்கு வசதியாகப் போடுவதுபோல ஸ்டிக்கரின் மேல் போட்டார். அடாப்டரைத் திருகினார். உள்ளே மிச்சமிருந்த புது கேஸை வெளியே எடுக்காமல், ஒழுகல் எங்கே என்றும் தேடாமல், அதன் தலையிலேயே பழைய கேஸை ஏற்றினார். காற்று ஜில்லென்று வந்தது. மணிக்கட்டு ‘போதும்’ என்றது. நண்பர்கள் கைதட்டாத குறைதான்.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

மழைக்காலம் இருந்தவரை பிழைப்பு ஓடியது. வெயில் ஏறியதும் காரின் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது, காற்று வெதுவெதுப்பாக வந்தது. கடைசியில் சம்பந்தியே போன் பண்ணினார்.

“உங்களுக்கு வேலை ஜாஸ்தின்னு மருமக சொன்னா. அதான் கம்பெனியிலயே காட்டிடலாம்னு பாக்குறேன். நீங்களும் கூட வாங்க சம்பந்தி. விஷயம் தெரிஞ்சவர் பக்கத்துல நின்னா அவங்க ஏமாத்த மாட்டாங்க.”

வயிற்றுவலி என்றோ கல்யாணம் என்றோ ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். போகாவிட்டால் சந்தேகம் வருமே என்ற பயத்தில் போனார்.

சர்வீஸ் சென்டர் ஆஸ்பத்திரிபோலச் சுத்தமாக இருந்தது. ஏ.சி. பிரிவில் ஒரு இளம்பெண் கையுறை மாட்டிக்கொண்டு, கேஸை ஏற்றி இறக்குகிற பெரிய மெஷினை மாட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கருவியைக் காரில் பொருத்தினாள். அது கேஸை மோந்து பார்த்து இன்னதென்று சொல்லும். அப்படி ஒன்று இருப்பதை கூலிங் கேள்விப்பட்டிருந்தார். நேரில் பார்ப்பது அன்றுதான்.

கருவி கீச்சென்று கத்தியது.

“சார், இதுல ரெண்டு கேஸ் கலந்திருக்கு. இதை எங்க மெஷின்ல இழுத்தா, மெஷின்ல இருக்கிற நல்ல கேஸும் கெட்டுடும். தனியா எடுத்து, உள்ள கழுவி, ஒழுகல் பாத்துட்டுதான் புதுசு போடணும். கம்ப்ரசர் தேறுமான்னு அப்புறம்தான் சொல்ல முடியும். யார் சார் இப்படிப் பண்ணது?”

“அதெப்படிம்மா? இந்த வண்டியில நம்ம சம்பந்தியைத் தவிர வேற யாரும்...” என்று ஆரம்பித்த சம்பந்தி, கூலிங்கின் பக்கம் திரும்பினார்.

கூலிங்கின் முகத்தில் இருந்ததைப் படிக்க எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை.

“இரும்மா, ஞாபகம் வருது” என்றார் சம்பந்தி, கொஞ்சமும் தடுமாறாமல். “வெளியூர் போறப்ப வழியில ஒரு கடையில நான்தான் அடிச்சேன். அவசரத்துல எதையும் கேக்கல.”

“என்ன சார் நீங்க? பாத்தா விவரமானவரா இருக்கீங்க. கண்ட கடையில கொண்டு விடலாமா? அந்த ஆளுக்கு வேலை தெரியல, சரி. உங்களுக்குமா தெரியாது?”

“தப்புதாம்மா” என்று சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் விடவில்லை. பக்கத்து காரில் வேலை செய்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். தனக்கு விழ வேண்டிய திட்டு இன்னொருவர் தலையில் விழுவதை, இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டபடி நின்றார் கூலிங். ‘அந்த ஆள் நான்தான்’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கழுவுவதற்கு வேண்டிய சாமான் மறுநாள்தான் வரும் என்றார்கள். கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குத் திரும்பினார்கள். அனல் முகத்தில் அடித்தது. சம்பந்தி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி, கடைக்கு வந்த புது ஃபிரேம்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

“சம்பந்தி, அது வந்து...” என்றார் கூலிங்.

“விடுங்க. கார்தானே” என்றார் அவர்.

வாசலிலேயே கூலிங்கின் மகள் நின்றிருந்தாள். பட்டறையில் ஹோஸ்களுக்கு நடுவே விளையாடி வளர்ந்த பெண். அவள் கேட்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார்: “சின்னக் கோளாறுதாம்மா. நல்லவேளை, உங்கப்பா கூட வந்தார். இல்லைன்னா என் தலையில மிளகாய் அரைச்சிருப்பாங்க.”

இதற்கு மேல் கூலிங்கால் தாங்க முடியவில்லை.

“பொய் சொல்றாரு பாப்பா. தப்பான கேஸைப் போட்டது நான்தான். தெரிஞ்சேதான் போட்டேன். அங்க இவர் எனக்காகத் திட்டு வாங்கினாரு, நான் மரம் மாதிரி நின்னேன்.”

மகள் அதிர்ச்சி அடைவாள், அழுவாள், கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“தெரியும்ப்பா. மறுநாளே பானெட்டைத் திறந்து பாத்தேன். அடாப்டரைக்கூடக் கழட்டாம விட்டிருந்தீங்க. நான்தான் கழட்டி எறிஞ்சேன்.”

“அப்பவே ஏம்மா கேக்கல?”

“நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். மாமா கம்பெனிக்குப் போகணும்னு சொன்னப்பல்லாம், ‘எங்கப்பாவே வந்து பாப்பாரு, வேலை ஜாஸ்தி’ன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். அத்தை அந்த வண்டியில போயிட்டு வந்து தலைவலியில சுருண்டு படுத்தப்பவும் வாயைத் திறக்கல. உங்க பேர் கெட்டுடுமேன்னு.”

பிறகு அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சிடுங்க மாமா” என்றாள்.

சர்வீஸ் சென்டரில் கண் இமைப்பதற்குள் ஒரு பொய்யைக் கண்டுபிடித்த மனிதருக்கு இப்போது ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. மனைவி படுத்திருக்கும் அறையின் மூடிய கதவைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கூலிங்கின் மகள் தான் வாழ வந்த வீட்டின் வாசலில் தலையைக் குனிந்தபடி நின்றாள். கூலிங் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்வீஸ் சென்டரில் அந்தப் பெண் கேட்டபோதே சொல்லியிருந்தால், குனிந்திருப்பது அவர் தலை ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.